எடை போட்ட நாற்பது மூட்டை

என் மருமகள் லோகநாயகிக்கு உட்கார்ந்து சோறு தின்னத் தெரியாது. கடலூர் முதுநகரில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறாள். பேருக்குத்தான் இரும்பு; பாதிக்கு மேல் பிளாஸ்டிக். கவரைக் கையில் கசக்கி, சத்தத்தை வைத்தே ரகம் பிரித்துவிடுவாள். சிப்ஸ் கவரும் ஷாம்பு பாக்கெட்டும் யாரும் வாங்காத ரகம்.

ஆடி மாதம் ராபர்ட் என்று ஒருவன் வந்தான். கவரில் சாமான் விற்கிற கம்பெனியே அந்தக் கவரைத் திரும்பச் சேர்த்து அழிக்க வேண்டும் என்று சட்டமாம்; ஒரு கம்பெனிக்காக அவன் சேர்க்கிறானாம். நாற்பது மூட்டை எடை போட்டான். சரக்கைக் கொடுத்துவிட்டதாக இவளும் ரசீதில் கையெழுத்துப் போட்டாள். வண்டி நாளைக்கு வரும் என்று போனான்.

எங்கள் தொழிலில் எடை போட்ட சரக்கு வாங்கினவன் சரக்கு. அப்புறம் அதைத் தொடமாட்டோம். அந்த வழக்கத்தை நம்பினாள் பாருங்கள், அதுதான் தப்பு.

ஐப்பசியே வந்துவிட்டது, வண்டி வரவில்லை. மழையில் மூட்டைகள் சரிந்து சாக்கடையை அடைத்தன. வெள்ளிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் கடையைப் பூட்டுவோம் என்று மாநகராட்சி ஆள் சொல்லிப் போனார். லோகநாயகி வாசலுக்கும் மூட்டைக்குமாக நடந்துகொண்டே போன் போட்டாள்.

"அக்கா, அதெல்லாம் சிமெண்ட் ஆலையில எரிச்சாச்சுன்னு கம்பெனியில கணக்கு காட்டி முடிச்சிட்டாங்க. நீங்களே கொளுத்திடுங்க" என்றான் ராபர்ட்.

"எரிஞ்சு போன மூட்ட மேல எங்க வூட்டுப் பூனை படுத்திருக்குதேடா, அது என்னா ஆவியா?"

கொளுத்தித் தொலைக்கலாம் என்று நானும்தான் சொன்னேன். "பக்கத்து வூட்டுல முத்தம்மா இழுப்புல கெடக்குறாங்க அத்தை. பொகை வுட்டு அவுங்களைக் கொல்லவா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நாற்பதையும் வண்டியில் ஏற்றினாள். வேண்டாம் என்றாள், நானும் ஏறிக்கொண்டேன். சிதம்பரம் போகிற சாலையில் அந்தக் கம்பெனிக்குக் குடோன் இருக்கிறது.

"என்னாம்மா இது?" என்றார் மேனேஜர்.

"உங்க சரக்கு. எடை போட்டாச்சு, எறக்குங்க."

"இதை அழிச்சாச்சுன்னு காட்டிட்டமேம்மா, உள்ள எடுத்தா மாட்டிக்குவோம்."

"எடுக்கலன்னாலும் மாட்டிக்குவீங்க. ரசீதுல இருக்கறது என் கையெழுத்து. மூட்டை எங்க இருக்குதுன்னு யாரு கேட்டாலும் சொல்லுவேன்."

மழை பிடித்துக்கொண்டது. அவர் யார் யாருக்கோ போன் போட்டார். கடைசியில் கேட்டைத் திறந்தார்கள். இறக்கி முடித்த பிறகும் இவள் நகரவில்லை. நாற்பது மூட்டையும் வந்து சேர்ந்ததென்று இன்றைய தேதி போட்டு எழுதிக் கொடுத்தால்தான் போவேன் என்று கேட்டிலேயே நின்று வாங்கினாள். அந்தக் காகிதத்தையும் காலி இடத்தையும் காட்டித்தான் சாயங்காலம் கடை தப்பித்தது.

ராத்திரியும் நின்றுகொண்டேதான் சாப்பிட்டாள். உட்காரடி என்றேன்.

"அந்தாளு அதை நெசமா ஆலைக்கு அனுப்புவாரா அத்தை? இல்ல, வேற எவ வாசல்லயாவது எறக்கிடுவாரா?"

எனக்கென்ன தெரியும்? திங்கட்கிழமை திரும்பவும் குடோனுக்குப் போகிறாளாம், பார்த்துவிட்டு வர. நானும் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.