விண்ணப்பித்தவர் வந்து கேட்கட்டும்

பல் மருத்துவக் கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த அந்த அம்மாவுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் பூட்டு. அது அவருக்கும் தெரியும். அலுவலகத்தில் மீதிப் பேர் எல்லாரும் ஓட்டை வாய்கள் என்பதால் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். நான் அடுத்த மேசைக்காரன். ஓட்டை வாய்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஒரு பிள்ளை பல் மருத்துவத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டால், அதன் முடிவு அந்தப் பிள்ளைக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்தாக வேண்டும். மாமாவுக்கு, மாமாவின் மேலதிகாரிக்கு, மாடி வீட்டுக்காரருக்கு. முடிவு அனுப்பும் வாரத்தில் எங்கள் தொலைபேசி ஓயாது. யாரும் நேராகக் கேட்க மாட்டார்கள். "சும்மா நலம் விசாரிக்கலாம்னு கூப்பிட்டேன்" என்று ஆரம்பிப்பார்கள், வருடம் முழுக்க நம் நலத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லாதவர்கள். பூட்டு, "நல்லா இருக்கேன். விண்ணப்பிச்சவரு வந்து கேட்டா சொல்றேன்" என்று வைத்துவிடுவார்.

வீட்டிலும் அதே கதைதான். கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்கா குடும்பத்தோடு இருந்தார். ஒரு வருடம் அக்கா மகள் விண்ணப்பம் போட்டாள், இடம் கிடைக்கவில்லை. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, மடித்து, உறையில் தன் வீட்டு முகவரியையே எழுதித் தபாலில் சேர்த்தவர் சித்தியான இவர்தான். கடிதம் வந்து சேர மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அக்கா, மகளுக்கு வெள்ளைக் கோட்டு எந்தக் கடையில் தைப்பது என்று பேசிக்கொண்டே இருந்தார். இவர் வாயைத் திறக்கவில்லை. கடிதம் வந்ததும் அக்கா உறையைப் பார்த்தார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

"மூணு நாளா தெரிஞ்சு வச்சுக்கிட்டா சோறு தின்ன?"

"அவளுக்கு வந்த கடுதாசி. அவ படிக்கறதுக்கு முன்னாடி நான் என்ன சொல்றது?"

அக்கா ஒரு வருடம் பேசவில்லை. அந்தப் பெண்ணோ மறுநாளே சித்தியோடு பேசினாள். தான் தோற்ற செய்தியை யார் வாயிலிருந்தும் கேட்காமல் தானே படித்துத் தெரிந்துகொண்டது அவளுக்குப் பிடித்திருந்தது போல.

இனி பெரிய டாக்டர். நகரத்தின் பேர்போன பல் மருத்துவர், சங்கத் தலைவர். நோயாளியின் வாயைத் திறந்து உள்ளே நாலு கருவிகளை வைத்துவிட்டுத் தன் பெருமையைப் பேச ஆரம்பிப்பார். எதிர்த்துப் பேச முடியாத சபை அது ஒன்றுதான் என்பதால் அவருக்கு அந்தத் தொழில் ரொம்பவே பொருந்தியது. மகன் விண்ணப்பம் போட்ட வாரமே மருத்துவமனைப் பலகையில் தன் பெயருக்குக் கீழே மகன் பெயரை எழுதி, பட்டத்துக்கு இடம் விட்டு வைத்தார். நேர்காணல், சோப்புக் கட்டியில் பல் வடிவம் செதுக்கும் கைத்திறன் தேர்வு எல்லாம் பின்னால்தான் நடந்தன.

முடிவு போனது. இரண்டாம் நாள் பெரிய டாக்டர் வந்தார். பூட்டின் மேசை முன்னால் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"என் பையனுக்கு என்ன மார்க் போட்டீங்க?"

"அவரை வரச் சொல்லுங்க டாக்டர். சொல்றேன்."

"ஏம்மா, நான் அவனோட அப்பா."

"தெரியும். அவருக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. அவர் விஷயத்தை அவர்கிட்டதான் பேச முடியும்."

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"இப்பத்தானே சொன்னீங்க, அப்பான்னு."

நான் கோப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பெரிய டாக்டர் நேராக முதல்வர் அறைக்குப் போனார். எங்கள் முதல்வர் நல்ல மனிதர், அதாவது யாரையும் பகைத்துக்கொள்ளாதவர். பூட்டைக் கூப்பிட்டு, "கோப்பைக் கொஞ்சம் மேசை மேல வச்சிட்டுப் போங்களேன். நான் வெளியே போறேன், அவர் அப்படியே ஒரு பார்வை பார்த்துக்கட்டும்" என்றார்.

"எழுத்துல குடுங்க சார், வச்சிடறேன்."

முதல்வர் பேனாவைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் அதன் மூடியைக் கழற்றி மாட்டினார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் சங்கக் கூட்டத்தில் பெரிய டாக்டர் முழங்கினார். கல்லூரியில் மதிப்பெண்ணைத் திருத்துகிறார்களாம். ஒரு குமாஸ்தா, தன் அக்கா மகளுக்கு இடம் கிடைக்காத ஆத்திரத்தில் நல்ல பிள்ளைகளின் கோப்புகளில் கை வைக்கிறாளாம். அக்கா மகள் விஷயம் அவர் காதுக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். டீ குடிக்கும் இடத்தில் நான்தான் அதை ஒரு காலத்தில் நகைச்சுவையாகச் சொல்லித் திரிந்தேன்.

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். அவர் கேட்டது எளிமையான கேள்வி: டாக்டர் மகன் விண்ணப்பித்தாரா இல்லையா. "அதையும் சொல்ல முடியாது" என்றார் பூட்டு. மறுநாள் தலைப்பு, 'வாய் திறக்க மறுக்கும் ஊழியர்'. அதைப் படித்தவர்கள் எல்லாம் மறைக்க எதுவோ இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கோப்பும் அதே அலமாரியில்தான் மறைந்திருக்கிறது என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

விசாரணைக் குழு போட்டார்கள். மூன்று பேர் கோப்பைத் திறந்து படித்தார்கள், மூடினார்கள், 'முறைகேடு எதுவும் இல்லை' என்று ஒரே வரி எழுதினார்கள். காரணம் எழுதவில்லை, எழுதவும் கூடாது. எல்லாரும் சேர்ந்து பூசி மெழுகிவிட்டார்கள் என்றது ஊர். முதல்வர், "கொஞ்ச நாள், சூடு ஆறட்டும்" என்று பூட்டைப் பொருள் கிடங்குக்கு மாற்றினார். மாவுக்கட்டுப் பொடி மூட்டைகளும் கையுறைப் பெட்டிகளும் இருக்கும் ஜன்னலில்லாத அறை. அவருடைய நாற்காலி எனக்கு வந்தது.

முதல் வேலையாக நான் அந்தக் கோப்பைப் படித்தேன். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று இன்றும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். உள்ளே பையன் தன் கையால் எழுதிய அரைப் பக்கக் கடிதம். 'விண்ணப்பம் அப்பா போட்டது. எனக்கு விருப்பம் இல்லை. தயவுசெய்து என்னைச் சேர்க்காதீர்கள். வீட்டுக்குத் தெரிய வேண்டாம்.' கைத்திறன் தேர்வில் சோப்புக் கட்டியைக் கீறாமல் அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறான். வீட்டில், தன்னை எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

கிடங்குக்கு ஓடினேன். பூட்டு பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் படிச்சிட்டேன். ஒரு வரி சொல்லியிருந்தா அந்த ஆளு முகத்துல ஈயாடியிருக்காதே. ஏன் சொல்லல?"

"எந்தக் கோப்பு?" என்றார்.

"பெரிய டாக்டர் மகன் கோப்பு."

"அப்படி ஒண்ணு எனக்குத் தெரியாது தம்பி. தெரிஞ்சாலும் கிடங்குல இருக்கற ஆள்கிட்ட நீ அதைப் பத்திப் பேசக் கூடாது."

அதே மாதம் பெரிய டாக்டர் என் மேசைக்கு வந்தார். பூட்டைப் போல் நான் முரண்டு பிடிக்க மாட்டேன் என்று முகத்தைப் பார்த்ததுமே கண்டுகொண்டிருப்பார். 'இதோ வர்றேன் சார்' என்று மறுபடி கிடங்குக்கு ஓடினேன்.

"காட்டிடவாக்கா? என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாரு போலிருக்கு."

பூட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம். "கீழ் இழுப்பறைல ஒப்புதல் படிவம் இருக்கு. பையன் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, ஒரு வரி விடாம காட்டலாம். அதைக் குடு. வேற எதுவும் பேசாத."

கொடுத்தேன். பெரிய டாக்டர் ஜெயித்துவிட்ட முகத்தோடு வாங்கினார். "இவ்வளவுதானா? இதை அன்னிக்கே அந்தம்மா சொல்லியிருக்கலாமே. நாளைக்கே வர்றேன்" என்றார்.

நாளைக்கும் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. அப்பா நீட்டிய பேனாவைப் பையன் வாங்கவே இல்லையாம். காரணம் கேட்டபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். இதை அவனே பல வருடம் கழித்து என்னிடம் சொன்னான். இப்போது யாரிடமும் சொல்லத் தயங்குவதில்லை. நில அளவையாளனாக இருக்கிறான். வெயிலில் கறுத்து, நன்றாகச் சிரிக்கிறான்.

பெரிய டாக்டர் மன்னிப்புக் கேட்டார் என்று எதிர்பார்த்தால் உங்களுக்கு அவரைத் தெரியவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில், "ஒரு சாதாரண ஊழியரோட பிழைப்புல மண்ணைப் போட வேண்டாம்னு அந்த விஷயத்தை விட்டுட்டேன்" என்றார். கை தட்டினார்கள். சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள்.

வீட்டில் எல்லாம் வெளிவந்த பிறகு பையன் ஒருநாள் கிடங்குக்கு வந்தான். நான் கையுறைப் பெட்டி வாங்கப் போனவன், வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்னாலதான் உங்களுக்கு இவ்வளவும். நன்றி சொல்லலாம்னு வந்தேன்மா."

"உனக்காக நான் ஒண்ணும் பண்ணல" என்றார் பூட்டு, சீட்டு ஒட்டுவதை நிறுத்தாமல். "உன் எடத்துல ஒரு அயோக்கியப் பய இருந்தாலும் இதேதான் பண்ணியிருப்பேன். ஆனா ஒண்ணு. எழுதிக் குடுத்த அன்னிக்கே நீ வீட்ல சொல்லியிருக்கணும். எங்க வாயைப் பூட்டிட்டு நீ வீட்ல பொய் சொல்லிட்டு உக்காந்திருந்த பாரு, அது நல்லா இல்ல."

பையன் தலை குனிந்தான். அவருக்கு எட்டாத மேல்தட்டில் நாலு மூட்டைகளைத் தூக்கி வைத்துவிட்டுப் போனான்.

இரண்டு வருடம் கழித்துப் புது முதல்வர் வந்தார். சேர்க்கைப் பிரிவிலிருந்து செய்திகள் கசிகின்றன என்று தெரிந்ததும் (கசியவிட்டது யார் என்று உங்களுக்குத் தெரியும்) பூட்டைத் திரும்ப வரச் சொன்னார்.

"வர்றேன் சார். என்னை எதுக்காகக் கிடங்குக்கு அனுப்பினாங்கன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க."

பழைய ஆணைகளைப் புரட்டினார்கள். 'நிர்வாகக் காரணம்' என்று இருந்தது. என்ன காரணம் என்று எழுத ஒருவருக்கும் துணிவில்லை. எழுதினால் ஒரு முதல்வரின் கோழைத்தனத்தை எழுத வேண்டும். தாள் வரவில்லை, பூட்டும் வரவில்லை. ஓய்வு பெறும்வரை நாலு வருடம் அந்த ஜன்னலில்லாத அறையிலேயே இருந்தார். என்னோடு டீ குடிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். காரணம் நானும் கேட்கவில்லை.