ஏழாம் எண் விதை

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே பாலுசாமியின் காட்டில் அந்த வருஷம் பருத்தி மொத்தமாக ஏமாற்றியது. ஒரு செடி இடுப்பளவு, பக்கத்துச் செடி முழங்காலளவு. காய்த்ததும் சுண்டைக்காய் போலக் காய்த்தது. பொள்ளாச்சியில் விதைக் கடை வைத்திருந்த தம்பிதுரையிடம் வாங்கிய வீரிய ஒட்டு ரக விதை அது. நியாயம் கேட்கப் போன பாலுசாமியோடு மகள் பிரவீனாவும் போயிருந்தாள். அன்று சந்தை நாள், கடைமுன் நல்ல கூட்டம்.

"உங்களுக்குப் பண்ணயம் பாக்கத் தெரியலீங்க. வெதை மேல பழி போடறீங்க. பேசாமப் போயி ஆடு மேய்ங்க" என்றார் தம்பிதுரை. மரியாதை குறையாமல் சொன்னதால் கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது.

அதன்பின் பாலுசாமி சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டார். பிரவீனாவுக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் பஸ்ஸில், வகுப்பில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் என்று எங்கேயும் கேட்டது.

மறு வருஷம், தொண்ணூற்றாறில், கோயமுத்தூர்க் கல்லூரியில் அவளுக்கு எம்.எஸ்சி. கடைசி ஆண்டு. ஆராய்ச்சித் திட்டத்துக்கு வழிகாட்டி நஃபீசா மேடம். கடைகளில் விற்கும் பருத்தி விதை உண்மையிலேயே ஒட்டு ரகம்தானா என்று டி.என்.ஏ.வை வைத்துப் பார்ப்பதுதான் மேடம் கொடுத்த வேலை. இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டும். பிரவீனாவோடு ஜோடி சேர்ந்தவள் விடுதியில் தங்கிப் படித்த யமுனா.

முதல் நாளே யமுனா வாய் நிறையச் சொன்னாள். "வெதைன்னா எனக்கு அத்துப்படி புள்ள. பொள்ளாச்சியில தம்பிதுரை கடைன்னு கேட்டுப் பாரு, எங்கப்பாதான்."

பிரவீனா சிரித்தாள். "அப்படியா, நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

மேடம் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். "ஒருத்தி வெதை சேகரிச்சு நம்பர் போடணும். இன்னொருத்தி டி.என்.ஏ.வைக் கோடுகோடாப் பிரிச்சுக் காட்டற ஜெல் ஓட்டணும். எது எந்தக் கடைன்னு ஓட்டறவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா கண்ணு பொய் சொல்லும்."

"நான் நம்பர் போடறனுங்க மேடம். யமுனா கைதான் நிதானம்" என்று பிரவீனா முந்திக்கொண்டாள்.

காரமடை, பெரியநாயக்கன்பாளையம் என்று அலைந்து பொட்டலங்கள் சேர்த்தாள். தம்பிதுரை கடையில் அப்பா வாங்கி, வீட்டுப் பரணில் மீந்துகிடந்த விதைக்கு ஏழாம் எண் போட்டாள். விதையில் எதையும் அவள் மாற்றவில்லை. மாற்றத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும்.

விதைகள் தட்டில் முளைத்ததும் இலையை அரைத்து டி.என்.ஏ. பிரித்தார்கள். முதலில் ஒன்றுமே வரவில்லை. பருத்தி இலையின் கறை சாற்றையெல்லாம் பழுப்பாக்கிக் கெடுத்தது. மேடம் திட்டினார், மறுபடி செய்தார்கள். யமுனா சலிக்கவில்லை. பிரவீனாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் பங்கையும் சேர்த்துச் செய்தாள், விடுதியில் தானே ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரவீனா ரசத்தைக் குடித்தாள். மனசு மட்டும் இளகவில்லை.

ஒருநாள் மத்தியானம் ஜெல் சரியாக ஓடியது. புற ஊதா விளக்கின் மேல் வைத்ததும் ஆரஞ்சு நிறத்தில் கோடுகள் எரிந்தன. ஒட்டு ரகமென்றால் தாய்ச் செடியின் கோடும் தந்தைச் செடியின் கோடும் சேர்ந்து தெரிய வேண்டும். யமுனா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள்.

"ஏழப் பாரு புள்ள! தகப்பன் கோடு ஒண்ணுகூட இல்ல. சுத்த டூப்பு. இத வித்தவன் வெளங்குவானா? எந்தக் குடியானவன் வயித்துல அடிச்சானோ, இவனையெல்லாம் நடுச்சந்தையில நிறுத்தோணும்."

எத்தனையோ நாளாகப் பிரவீனா காத்திருந்தது இதற்குத்தான்.

"அது உங்கப்பா கடை வெதை, யமுனா. வயித்துல அடிபட்டது எங்கப்பா. சந்தையிலயும் அவரத்தான் நிறுத்துனாங்க" என்றாள். கடைமுன் நடந்ததையும், பரணில் கிடந்த விதைக்கு ஏழாம் எண் போட்டதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

யமுனாவின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தபோது பிரவீனாவுக்கு இனித்தது.

"உங்கூட்டுப் பரண்ல மாறியிருக்கும்" என்றாள் யமுனா. அந்த வாரமே ஊருக்குப் போய், அப்பாவுக்குத் தெரியாமல் கிடங்கிலிருந்து அதே ரகத்தில் பிரிக்காத பொட்டலம் ஒன்றை எடுத்துவந்தாள். முளைக்கவைத்து, அவளே ஓட்டினாள். அதிலும் தகப்பன் கோடு இல்லை. ஜெல் படத்தைப் பிரவீனாவின் முன் வைத்துவிட்டு வெளியே போனாள்.

வீட்டில் அவள் என்ன சொன்னாளோ, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பிதுரை கிணத்துக்கடவுக்கு வந்து நின்றார்.

"புள்ளைங்க எழுதறதுல கடைப் பேரு வந்துறக் கூடாதுங்க. நானும் ஏமாந்து போட்டனுங்க, அனுப்புன எடத்துல கலந்துபோட்டாங்க."

கடைப் பெயரை அச்சில் போட மேடம் எப்படியும் விடமாட்டார். அது பிரவீனாவுக்குத் தெரியும். சொல்லவில்லை.

பாலுசாமி நாற்காலியைக்கூட எடுத்துப் போடவில்லை. "ஏமாந்தது நெசமா இருக்கலாமுங்க. என்னைய ஆடு மேய்க்கச் சொன்னீங்களே, அதச் சந்தையில சொன்னீங்க. இதையும் அங்கயே வந்து சொல்லுங்க."

வியாழக்கிழமை சந்தையில் தம்பிதுரை சொன்னார். அவர் கடை விதைதான் தப்பு, பாலுசாமி பண்ணயத்தில் குறையில்லை என்று. சத்தமாக, காளைகளை ஓட்டிப் போனவர்கள் நின்று கேட்கும்படி. வீடு திரும்பும் வழியில் பாலுசாமி மகளுக்கு ஒரு சீப்புப் பழம் வாங்கிக் கொடுத்து, "போதும் அம்மணி" என்றார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் தோளில் துண்டு நிமிர்ந்து கிடந்தது.

விஷயம் காதுக்கு எட்டியதும் நஃபீசா மேடம் பிரவீனாவைக் கூப்பிட்டு விட்டார். "ஏழாம் நம்பர் அவங்கப்பா கடை வெதைன்னு தெரிஞ்சேதான், பழி தீர்க்க அவகிட்டக் கொடுத்தியா?"

"ஆமாங்க மேடம்."

"ரிசல்ட்டுல தப்பில்ல. அதனால விடறேன். ஆனா இனி என்கிட்டச் சிபாரிசுக் கடிதம் கேட்டு வராதே."

"எங்கப்பா பட்டதுக்கு இது கம்மிங்க மேடம்" என்றாள் பிரவீனா. மேடம் கதவைக் காட்டினார்.

வாய்மொழித் தேர்வில் யமுனா தடுமாறாமல் பதில் சொன்னாள். ஏழாம் எண்ணைப் பற்றிக் கேட்டபோதும், "கலப்படம், இரண்டு முறை உறுதி செய்தோம்" என்றாள். 'செய்தோம்' என்று சேர்த்துத்தான் சொன்னாள். ஆனால் பிரவீனா பக்கம் திரும்பவேயில்லை. அன்று மாலையே விடுதியைக் காலி செய்துவிட்டாள்.

பிரவீனா இப்போது வேறொரு ஊரில் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். தம்பிதுரையைச் சந்தையில் நிறுத்தியதற்காக அவள் ஒருநாளும் வருந்தியதில்லை, கேட்டால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வாள். யமுனாவைப் பற்றிக் கேட்டால் மட்டும், "ரசம் நல்லா வெப்பா" என்பாள். அதற்குமேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.