பள்ளிக்கூட வாசலில் அம்மா

பேரனின் நனைந்த கம்பளிச் சட்டையை அடுப்பருகே காயப்போட்டேன். அந்த ஈர வாடை என்னை ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டுபோயிற்று.

நாங்கள் முன்பு இருந்த கொஸ்லந்தைத் தோட்டத்தில் பரவிய காய்ச்சலில் அப்பா இறந்தார். கொழுந்து பறிக்கும் கூடை நம் பிள்ளைகளுக்கு வேண்டாம், படிக்கட்டும் என்று சாகும்போது சொல்லியிருந்தார். அம்மா என்னையும் தங்கையையும் ஸ்பிரிங்வெளிக்குக் கூட்டிவந்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் வாசலிலேயே மறித்தார்.

"காய்ச்சல் கண்ட தோட்டத்துப் புள்ளைங்க. உள்ள விட்டா மத்தவங்க வரமாட்டாங்கம்மா."

"வெளியவே உக்காந்து படிக்கட்டுங்க, சாமி."

மழையில் எங்கள் தலைக்கு மேல் தன் கம்பளியை விரித்துப் பிடித்தபடி அம்மா நின்றாள். உள்ளே சொன்ன எழுத்துகளை நாங்கள் வெளியிலிருந்து கத்திச் சொன்னோம். ஈரத்திலேயே கிடந்து தங்கைக்கும் காய்ச்சல் கண்டது.

"யாருகிட்டயும் சொல்லிடாத. கேட்டா, தங்கச்சி மாமா வீட்டுக்குப் போயிட்டான்னு சொல்லு," என்றாள் அம்மா. தங்கையை நாங்கள் குடியிருந்த லயத்து அறையில் போர்த்திப் படுக்கவைத்துவிட்டு என்னை மட்டும் இழுத்துப்போனாள்.

அன்றைக்குத்தான் வாத்தியார் மனமிரங்கி, "உள்ள வாம்மா," என்றார். நான் நுழைந்து திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மா லயத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

தங்கை பிழைக்கவில்லை. அவளைப் புதைத்த மறுநாளும் அம்மா என்னைக் கூட்டிப்போனாள். வாசலில் தயங்கி நின்ற என்னை, "உள்ள போடி," என்று முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.