எயார் வால்வில் ஒழுகிய தண்ணீர்

1. பேக்கோவை மறித்த பெண்கள்

அணைக்கட்டு வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே நின்றுபோனது. ஆற்றங்கரைக்குப் பாதை வெட்டப் போன பேக்கோ இயந்திரத்தின் முன்னால், தொழிலாளர் குடியிருப்பான மேல் லயத்துப் பெண்கள் கொழுந்துக் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். வட்டவளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டம் அது. கீழே இருக்கும் டவுனுக்குக் குடிநீர் கொடுப்பதற்காக ஆற்றுக்குக் குறுக்கே கொங்கிறீட் அணை கட்டும் திட்டம். நான் அதில் டெக்னிக்கல் ஒஃபிசராக இருந்தேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். என் இடத்தில் இன்று வேலை செய்கிறவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெண்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. அவர்கள் குடிப்பதும் குளிப்பதும் லயத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் விழும் பீலியில். அந்தப் பீலிக்குத் தண்ணீர் வந்த சிறு வாய்க்கால், அணை எழும்பவிருந்த வளைவிலிருந்துதான் பிரிந்தது. அணை வந்தால் பீலி வற்றிவிடும். அதை மறைத்துச் சொல்ல வழியில்லை.

எங்கள் பிரதம பொறியியலாளர் சிங்களவர், நிதானமான மனிதர். என்னைக் கூப்பிட்டு, "நீங்க போய்ப் பேசுங்க. உங்க பாஷையில சொன்னாக் கேப்பாங்க" என்றார்.

பாஷை மட்டுமல்ல. நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவன். அலுவலகத்தில் அது யாருக்கும் தெரியாது. ஊர் கேட்டால் ஹட்டன் டவுன் என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

பெண்களின் நடுவில் இருந்த ராசம்மா கேட்டாள். "ஐயா எந்தத் தோட்டம்?"

எத்தனையோ வருடம் தப்பித்த கேள்வி. அன்று மட்டும் உண்மையைச் சொன்னேன். சொன்னால் வேலை நடக்கும் என்று தெரிந்ததால் சொன்னேன்.

"பாத்தியா, நம்ம ஆளுதான்" என்றாள் ராசம்மா மற்றவர்களிடம்.

"களுசான் காலைத் தூக்கிக் காட்டச் சொல்லு அக்கா. அட்டை கடிச்ச தழும்பு இருந்தாத்தான் நம்புவேன்" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேச்சு அதோடு இளகிவிட்டது.

லயத்துக்குத் தனியாக ஒரு பைப் தருவோம் என்றேன்.

"வாயால சொன்னாப் பத்தாதுங்க ஐயா. முனியாண்டி முன்னுக்குச் சொல்லுங்க."

ஆற்றோரம் ஒரு கல்தான் அவர்களுடைய முனியாண்டி. ராசம்மா அதன் முன்னால் கற்பூரம் கொளுத்தினாள். "அணை முடிஞ்சதும் மெயின் லைன்ல இருந்து உங்க லயத்துக்குப் பைப் வரும்" என்று சொல்லி நெருப்பின் மேல் கையை வைத்து எடுத்தேன். டவுனுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் அந்த மெயின் லைனின் வரைபடம் என் பையில் இருந்தது. நான் வரைந்ததுதான். அதில் அப்படி ஒரு பைப் இல்லை.

மறுநாள் பேக்கோ ஆற்றுக்கு இறங்கியது. முனியாண்டிக் கல்லையும் அவர்களே பெயர்த்து மேட்டுக்குக் கொண்டுபோய் வைத்தார்கள்.

2. மேலே எழுதியிருக்கிறேன்

கேட்டு வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு சைட் கூட்டத்தில் வாயைத் திறக்கவும் போனேன். ஆனால் அதே கூட்டத்தில் சற்று முன்பு, சீமெந்து சுமக்கும் கூலியாட்களுக்கு மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை போடலாம் என்று சொல்லியிருந்தேன். சக அதிகாரி ஒருவர், "என்ன, உங்க ஆளுகளுக்கா?" என்று சிரித்தார். அவர்களும் நானும் தமிழர் என்பதால் கேட்டதுதான்; அதில் விஷம் எதுவும் இல்லை. கொட்டகையும் போட்டார்கள். ஆனாலும் அந்தச் சிரிப்புக்குப் பிறகு பைப்பைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை. அதன்பின் வந்த எந்தக் கூட்டத்திலும் எழவில்லை.

ராசம்மா வழியில் மறித்துக் கேட்கும்போதெல்லாம் ஒவ்வொரு பொய்யாகச் சொன்னேன். முதலில், "மேல எழுதியிருக்கேன்." பிறகு, "பதில் வரல்ல." அணையைத் திறந்து டவுனுக்குத் தண்ணீர் போன பிறகு, "முடியாதுன்னுட்டாங்க."

"சரிங்க ஐயா. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்றாள் அவள்.

3. ஒரு குடம்

மெயின் லைன் லயத்துக்கு மேலே உள்ள மேட்டின் வழியாகப் போகிறது. மேட்டின் உச்சியில் குழாய்க்குள் சேரும் காற்றை வெளியேற்ற ஒரு எயார் வால்வு. சில மாதங்களில் அது ஒழுகத் தொடங்கியது. பீலி வற்றிப்போன லயத்துப் பெண்கள் அதன் கீழே குடம் வைத்துப் பிடித்தார்கள். பராமரிப்பு என் பொறுப்பில் இருந்தது. பார்த்தும் பார்க்காதது போல விட்டுவிட்டேன். கொடுத்த வாக்கை ஒருவாறு காப்பாற்றியாயிற்று என்று ஆறுதல்கூடப் பட்டேன். வெட்கம்கெட்ட ஆறுதல்.

பிறகு ஒரு கடும் கோடை. டவுனின் கடைசித் தெருக்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை. எல்லா ஒழுக்கையும் அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. குழாய் வேலை பார்க்கும் பிட்டரைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். வேறு யாரையாவது அனுப்பியிருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

குடங்கள் வரிசையாக இருந்தன. ஸ்பானரைப் பார்த்ததும் பெண்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருத்தி மட்டும், "டவுன்காரன் தாகம் மட்டும்தான் தாகமா?" என்றாள். ராசம்மா அவளை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, கொஞ்சம் இருங்க. இந்த ஒரு குடத்தை மட்டும் பிடிச்சிக்கிறேன்."

நானும் பிட்டரும் நின்றோம். குடம் மெதுவாகத்தான் நிறைந்தது. நிறைந்ததும் அவள் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு விலகினாள். வால்வைக் கழற்றி ரப்பரை மாற்றினோம். சுற்றிலும் கொங்கிறீட் பெட்டி கட்டி, மூடி போட்டுப் பூட்டினோம்.

"இனி எங்க போவீங்க?" என்று கேட்டேன்.

"ஆத்துக்குத்தான். அணைக்கு அடியில சேறு கழிக்க வால்வைத் தொறக்குற அன்னிக்கு மட்டும் ஒரு சத்தம் குடுக்கச் சொல்லுங்க. சேத்துத் தண்ணியில சோறாக்க ஏலாது."

அந்த ஒன்றை மட்டும் செய்தேன். திறக்கும் முன் லயத்துக்கு ஆள் போய்ச் சொல்ல வேண்டும் என்று காவலாளிக்கு உத்தரவு போட்டேன்.

4. பிரியாவிடை

ஓய்வு பெற்ற நாளில் தேநீர் விருந்து வைத்தார்கள். எனக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்த பிரதம பொறியியலாளரும் வந்திருந்தார். பழைய வேலைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் கேட்டார்.

"அந்த அணைக்குக் கீழ ஒரு லயம் இருந்ததே. அவங்களுக்குத் தண்ணிக்கு என்ன செய்தோம்?"

"ஒன்றும் செய்யல்ல சேர்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏன் சொல்லல்ல? மெயின் லைன்ல ஒரு டீ மூட்டுப் போட்டு ஒரு பைப் இழுக்குறது பெரிய வேலையா? அன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேனே."

கேட்டால் இல்லையென்பார்கள் என்று அத்தனை காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் இல்லையென்று சொல்லவில்லை. என் பிறப்பைக் காட்டி லயத்துப் பெண்களிடம் சம்மதம் வாங்கினேன். அவர்களுக்காகப் பேச வேண்டிய இடத்தில் அதே பிறப்பை ஒளித்தேன்.

உங்கள் மொழி தெரிந்தவர்களிடம் பேச உங்களை அனுப்பினால், போகுமுன் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். அதில் இல்லாததை வாயால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள், யார் சிரித்தாலும்.

அலுவலகத்துக்கு இப்போது சாதாரண ஆளாக ஒரு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை. ராசம்மாவின் லயம் இன்றும் ஆற்றில்தான் அள்ளுகிறது. ஆகவே இங்கேயும் கேட்டுவைக்கிறேன். எயார் வால்வுப் பெட்டியைத் தாண்டி, குழாய் இறக்கத்தில் திரும்பும் இடத்தில் டீ போட வசதியான நேர்த் துண்டு ஒன்று இருக்கிறது. அங்கிருந்து லயம் பள்ளத்தில். பம்ப் தேவையில்லை. திறந்துவிட்டால் போதும், தண்ணீர் தானாக இறங்கிப் போகும்.