டிரம் மேல் தடியங்காய்

குருவம்மாள் வாய்க்குப் பயந்து இலஞ்சியில் பால்காரன் தண்ணீர் கலக்கமாட்டான். அப்படிப்பட்டவள் ஒரு தீக்குச்சிக்குப் பயந்தாள். அடுப்பு மூட்டும்போது கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உரசுவாள்.

காரணம் இருந்தது. சீமெண்ணெய்க்கு ரேஷன் கடையில் அடிதடி நடந்த வருஷம், அவள் புருஷன் தங்கசாமியின் தங்கை மாடத்தி, கிடைத்த எண்ணெயை ஸ்டவ் அணையுமுன்னே அவசரத்தில் ஊற்றிவிட்டாள். வெந்த உடம்பை வாழை இலையில் கிடத்தினார்கள். இலை வாடினால் மாற்ற வேண்டும். குருவம்மாள் தோட்டத்தில் புது இலை அறுத்துக்கொண்டு வருவதற்குள் மாடத்தி போய்விட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் விறகுதான். புகையில் கண் அவிந்தாலும் விறகுதான்.

எண்பத்துமூன்றில் யூனியன் ஆபீஸ்காரர் ஒருத்தர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அரபு நாட்டுக்காரன் எண்ணெய் விலையை ஏத்துனா நம்ம அடுப்பு அணையணுமா அண்ணாச்சி? உங்க மாட்டுச் சாணியிலயே கேஸ் எடுக்கலாம். குழிக்கும் டிரம்முக்கும் கவர்மெண்டு மானியம் தருது."

தொழுவத்தில் உழவு மாடுகள் நின்றன. தங்கசாமி தலையை ஆட்டிவிட்டார்.

"சாணிய வச்சு வெடிகுண்டு செய்யப் போறியளாக்கும்," என்றாள் குருவம்மாள்.

"ஏட்டி, டெல்லியில படிச்சவன் போட்ட திட்டம். ஒனக்கு என்ன தெரியும்?"

"டெல்லிக்காரனா இங்கன வந்து உலை வைக்கப் போறான்? நாந்தான வைக்கணும்!"

தொழுவத்துக்குப் பின்னால் கிணறு மாதிரிக் குழி வெட்டிக் கட்டி, சாணியைக் கரைத்து நிரப்பி, மேலே பெரிய இரும்பு டிரம்மைக் கவிழ்த்தார்கள். உள்ளே கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பியது. யாரும் தூக்கவில்லை, தள்ளவில்லை. காலையில் சாணி அள்ளப் போகிற குருவம்மாள் கண்ணுக்கு அது நேற்றைவிட உயரமாக நிற்கும்.  அந்தப் பக்கம் முதுகைக் காட்டாமலே நடப்பாள்.

டிரம் முழுசாக எழும்பியதும் ஆபீஸ்காரர் வந்து பார்த்தார். "முதல்ல சேருத கேஸ்ல காத்து கலந்திருக்கும், ஆபத்து. வால்வைத் தொறந்து வெளிய விட்டுருங்க. அப்பம் பக்கத்துல பீடிகூடப் பத்தவைக்கப்படாது," என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆடி வெள்ளிக்கிழமை. குற்றாலத்துச் சாரல் இலஞ்சி வரைக்கும் தூவிக்கொண்டிருந்தது. தங்கசாமி ஆபீஸ்காரர் பேச்சை மீறவில்லை. பீடிக்கட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துதான் டிரம் மேலிருந்த வால்வைத் திறந்தார். ஆனால் தெருவே வந்து வாய்பிளந்து பார்த்துவிட்டுப் போன சாமானுக்குத் திருஷ்டி கழிக்க வேண்டாமா? திருஷ்டிப் பூசணியாக ஒரு தடியங்காயைத் தூக்கி டிரம் மேல் வைத்தார். அதன் தலையில் சூடத்தை வைத்தார். பீடிதான் நெருப்பு. சூடம் அவர் கணக்கில் சாமி.

சாணிக் கரைசல் வாளியோடு வந்த குருவம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். வால்வு 'உஸ்'ஸென்று சீறிக்கொண்டிருந்தது.

"என்னத்த செய்யுதிய!"

"நல்ல காரியம் நடக்கு. வாய மூடு."

சாரலில் நமத்த முதல் குச்சி பிடிக்கவில்லை. அடுத்ததும் பிடிக்கவில்லை. அவள் கத்த வாயெடுத்தாள், சத்தம் வரவில்லை. ஊரையே வாங்கும் வாய் அன்றைக்குக் காய்ந்துபோய்விட்டது. கண்ணுக்கு முன்னால் பச்சை வாழை இலை மட்டும் விரிந்தது.

மூன்றாவது குச்சி பற்றியது. அவர் கை சூடத்தை நோக்கிப் போனது.

வாளியோடு வீசினாள். குச்சி, சூடம், தடியங்காய், தங்கசாமியின் தலை, எல்லாம் சாணி.

"ஏ மூதி! சாமி காரியத்துல சாணிய ஊத்திட்டியே!"

"சாமி குளிச்சுக்கிடும். நீங்க வெந்து கெடந்தா, இன்னொரு மட்டம் நான் எலை அறுக்க ஓடணுமா? மாடத்திக்கு ஓடுனது போதாதா?"

 அப்போதுதான் வால்வின் சீற்றம் தங்கசாமி காதில் விழுந்தது. கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்தார். பாம்பைப் பிடித்தவர் மாதிரி அதைத் தூர எறிந்தார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கேஸ் முழுக்கப் போய், டிரம் இறங்கி, மறுபடியும் எழும்பிய பிறகுதான் அடுப்பில் குழாயை மாட்டினார்கள். நெருப்பை வேறு யாரும் தொடக் குருவம்மாள் விடவில்லை. வாசல் கதவு, கொல்லைக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டாள். முகத்தைத் திருப்பாமல், கையை மட்டும் நீட்டிக் குச்சியை அடுப்பில் காட்டினாள். நீலமாக, புகையில்லாமல், சத்தமில்லாமல் பற்றிக்கொண்டது. சத்தமில்லாததுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பின்னால் தங்கசாமி ஒரு வாளிச் சாணிக் கரைசலோடு நின்றார்.

"பத்திட்டுல்லா, வாளிய எறக்கி வைக்கட்டா?" என்றார்.

"சோறு வேகட்டும்," என்றாள் குருவம்மாள், அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அதுவரைக்கும் கீழ வைக்காதிய."