தேருக்கு அறுத்து முறுக்கிய ஒயர்

பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களுக்குத் தெரியும், அந்தத் தொழிலில் நாம் வெறும் பெயருக்குத்தான் முதலாளி. நிஜ முதலாளி வாசலுக்கு மேலே தொங்குகிற போன் ஒயர். திருவண்ணாமலை தேரடி வீதியில் என் கடை. முதலில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். ஊரே கையில் செல்போன் வைத்துக்கொண்டதும், நாலு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு பிராட்பேண்ட் எடுத்தேன். விளம்பரத்தில் மின்னல் வேகம் என்று போட்டிருந்தார்கள். அந்த மின்னல் வந்து சேர வேண்டியதோ, பூத் திறந்த காலத்தில் எதிர்ப்பக்கத்துக் கம்பத்திலிருந்து தெருவுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிய அதே கறுப்பு ஒயர் வழியாக. நீங்களும் அப்படி ஓர் ஒயரை நம்பி உட்கார்ந்திருந்தவர் என்றால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

தேர் வருகிற வழி

தீபத் திருவிழாவில் பெரிய தேர் மாட வீதிகளில் வரும். அதற்கு முன்னால் தெருவைக் கடக்கும் ஒயரையெல்லாம் எடுத்துவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, சாமிக்கு வழி விடத்தான் வேண்டும். ஆனால் எடுப்பது என்றால் அவிழ்த்து எடுப்பது என்று நினைத்திருந்தேன். கட்டிங் பிளேயரால் ஒரே நறுக்கு. தேர் நிலைக்கு வந்த பிறகு இரண்டு முனையையும் சீவி முறுக்கி மேலே டேப் சுற்றுவார்கள். டேப் இல்லாத வருஷம் கேரி பேக். இப்படி ஒவ்வொரு தீபத்துக்கும் ஒரு முறுக்கு ஏறியது. போனில் பேசுகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பிராட்பேண்ட்தான் ஒவ்வொரு முறுக்கிலும் தடுக்கி விழுந்தது.

லைன்மேன் ஏழுமலை ஏணியில் நின்று முறுக்கிக்கொண்டிருந்தபோது, இந்தத் தடவையாவது புது ஒயர் போடுங்கள் என்று கெஞ்சினேன். வருகிற கூட்டமெல்லாம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் சென்டருக்குப் போகிறது, இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்றும் சொன்னேன். அவர் கையை நிறுத்தவே இல்லை.

"அடுத்த வருஷம் மறுபடியும் அறுக்கப்போற ஒயருக்கு இன்னாத்துக்கும்மா புதுசு?"

சோதித்துப் பார்த்தாயிற்று

டெலிபோன் ஆபீஸ் நம்பரில் புகார் கொடுத்தேன். ஒருமுறை இல்லை, அந்த நம்பரை என் விரல் தானாகவே அழுத்தும் அளவுக்குக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் நடப்பது ஒன்றுதான். புகார் பதிவாகும். கொஞ்ச நேரத்தில் அதே லைனில் என்னைக் கூப்பிடுவார்கள். நான் எடுத்து ஹலோ என்பேன். அவ்வளவுதான், லைன் நன்றாக இருக்கிறது என்று புகாரை முடித்துவிடுவார்கள். நெட் வரவில்லை என்றுதானே சொன்னேன், போன் வரவில்லை என்றா சொன்னேன்? வயிற்று வலி என்று போனவனின் பல்லைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

ஒருநாள் பொறுமை போய், வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். எதிர்முனையில் இருந்தவர் முழுவதையும் நிதானமாகக் கேட்டார்.

"மேடம், நீங்க திட்டுறது ஒரு வார்த்தை விடாம கேக்குது. லைன்ல ஒண்ணும் கோளாறு இல்ல."

ஒன்று நெட், இல்லாவிட்டால் போன்

மழை பெய்தால் முறுக்குகளில் தண்ணீர் இறங்கி, மோடத்தின் பச்சை விளக்கு கண்ணடிக்க ஆரம்பித்துவிடும். அதற்கு நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். போன் ரிசீவரைத் தூக்கி மேஜைமேல் படுக்க வைத்தால் ஒயருக்கு எப்படியோ உயிர் வந்து நெட் நிற்கும். ஏன் என்று யாரும் எனக்கு விளக்கிச் சொன்னதில்லை. ஆனால் ரிசீவர் கீழே இருக்கும்வரை வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. இரண்டுக்கும் பில் கட்டிவிட்டு, ஒன்றை மட்டும் அனுபவிக்கும் பாக்கியம் எனக்கு. ஒரு மழைநாளில் என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"எங்க அம்மா காலைல இருந்து கூப்பிடறாங்களாம். எந்நேரமும் எங்கேஜ்டாவே கீதே, உம் பொண்டாட்டி அப்படி யார்கிட்டதான் பேசறான்னு என்னைக் கேக்கறாங்க."

மாப்பிள்ளை சிரித்தார்

கீழ்பென்னாத்தூரிலிருந்து கலைச்செல்வி என்றொரு பெண் வேலைக்கு விண்ணப்பம் போட என் கடைக்கு வருவாள். பி.எட். முடித்தவள். அவளுக்கு ஒரு துபாய் மாப்பிள்ளை பார்த்தார்கள். அவருக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் பெண் பார்ப்பது என் கடை வெப்கேமராவில் என்று முடிவானது. ஏற்பாடெல்லாம் அவளுடைய மாமா. கடை நம்பரையும் அவரே மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தார். பட்டுப்புடவையில் வந்த கலைச்செல்வி, கல்யாணத்துக்குப் பிறகு டீச்சர் வேலைக்குப் போகலாமா என்பதை மட்டும் தானே கேட்கப் போவதாக என் காதோடு சொன்னாள். பெரியவர்களிடம் சொன்னால் கேட்கிறோம் என்பார்கள், கேட்க மாட்டார்களாம்.

முந்தின நாள் நல்ல மழை. ரிசீவரைத் தூக்கி வைத்துவிட்டு நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் வந்தது. மாப்பிள்ளை சிரித்தார். கலைச்செல்வி கேள்வியைக் கேட்டாள். அத்தோடு படம் அப்படியே உறைந்தது, குரலும் போயிற்று. திரையில் அந்தச் சிரிப்பு மட்டும் நின்றது. மாமா அதைக் காட்டி, சிரித்துவிட்டாரே, சம்மதம்தான் என்றார். பெண் பார்க்கக் கடைக்கே வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலைத் தட்டை எடுக்கச் சொன்னார். அது கேள்விக்கு முன்னால் சிரித்த சிரிப்பு என்று நான் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன், கேட்பார் இல்லை. கடை போனால் வேறு பிழைப்பு பார்க்கலாம். ஒரு பெண்ணின் வாழ்க்கையை இந்த ஒயர் முடிவு செய்வதா?

கலைச்செல்வி மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் ஒரு முடிவோடு ரிசீவரை எடுத்துப் போன்மேல் வைத்தேன். வைத்த கையோடு மணி அடித்தது. மாப்பிள்ளைதான். அவளிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கேட்டாள், மெதுவாக ஏதோ சொன்னாள், வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தாள்.

"நான் கேட்டதுக்கு அவர் அப்பவே பதில் சொல்லிட்டாராம் மாமா, வேலைக்கெல்லாம் போகக்கூடாதுன்னு. அப்ப எனக்கு இந்த எடம் வேணாம்னு சொல்லிட்டேன்."

வருஷக்கணக்காக என் புகாருக்கு அசையாத டெலிபோன் ஆபீஸில் அந்த மாமா போய், உங்கள் ஒயரால் சம்பந்தம் கெட்டது என்று சத்தம் போட்ட மறுவாரமே புது ஒயர் வந்துவிட்டதால், இன்னும் தவித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் யோசனை: நெட் போய்விட்டது என்று எழுதிக் கொடுக்காதீர்கள், மாப்பிள்ளை போய்விட்டார் என்று கொடுங்கள்.