என் தங்கையார் மேல் சுமத்திய பிழை

இந்நினைவு மலரைக் கையிலெடுத்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம். என் தங்கையார் நம்மைப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகின்றது. அவர் எனக்குப் பன்னிரண்டு ஆண்டு இளையவர். எனினும் இவ்வேட்டில் அவரை ‘அவர்’ என்றே எழுதுகிறேன். அவருக்குரிய மதிப்பை ஒருவர் பலரறியப் பறித்தார். அதனை மீட்ட வரலாறும் இதில் உண்டு. கண்ணீரை மட்டும் எதிர்பார்த்து வாசிப்போர் பொறுத்தருள்க.

ஊர்காவற்றுறையில் எம் பெற்றோரின் ஐந்தாவது பிள்ளையாகத் தங்கையார் பிறந்தார். யாழ்ப்பாணத்தில் புள்ளியியல் பயின்றார். இறுதித் தேர்வு எழுதுமுன் போர் வந்தது. மணமாகி இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்த ஆறாம் ஆண்டில் கணவர் நெஞ்சடைப்பால் மறைந்தார். கைக்குழந்தையோடு வீட்டுவேலைக்குப் புறப்பட்டவர் பதினெட்டு ஆண்டுகள் பிறர் வீடுகளைத் துடைத்தார். நாங்கள் வாழும் பிரான்காச்சோப் பகுதியிலிருந்து புறப்படும் காலைப் பேருந்தில் பெரு, ஈக்குவதோர் நாட்டுப் பெண்கள் அவரோடு வேலைக்குச் செல்வர். அவர்களிடம் ஸ்பானிய மொழியை வாய்வழியாகவே கற்றார். மகள் வளர்ந்தபின், ஐம்பதை நெருங்கும் அகவையில், மாலை வகுப்புக்குச் சென்று, இடையில் நின்ற படிப்பை முடித்தார்.

அதன் பயனாக ஓர் ஆய்வுக் குழுவில் இடம் கிடைத்தது. இந்நகரில் வாழும் ஸ்பானிய மொழி பேசும் முதியோரிடையே மறதிநோய் எவ்வாறு வளர்கின்றது என்பதே ஆய்வு. முதியோரை ஆண்டுக்கொரு முறை அழைத்துச் சில சொற்களை நினைவுகூரச் செய்வர்; மணி காட்டும் முள்களோடு மணிக்கூடு வரையச் செய்வர். கிடைத்த மதிப்பெண்களை அட்டவணையில் ஒழுங்குபடுத்திப் பகுத்தாய்வது தங்கையாரின் பணி. ஒருவரின் முதலாண்டு மதிப்பெண்ணுக்கு நேரே அதே ஒருவரின் மறு ஆண்டு மதிப்பெண் நிற்க வேண்டும். ஆள் மாறினால் ஆய்வே பொய்யாகும்.

ஆள் மாறியது. ஸ்பானிய வழக்கில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு: முதலில் தந்தை வழி, பின்னர் தாய் வழி. முதலாண்டில் பதிவு செய்தவர் கடைசியிலுள்ள தாய்வழிப் பெயரை எழுதினார். மறு ஆண்டில் பதிவு செய்தவர் முதலிலுள்ள தந்தைவழிப் பெயரை எழுதினார். இதனால், ஒரே ஆண்டில் பிறந்த ரோசா என்னும் பெயருடைய இரு பெண்கள் கணினியில் ஒருவராயினர். ஒருவரின் தாய்வழிப் பெயரே மற்றவரின் தந்தைவழிப் பெயர். கூரிய நினைவுடைய ரோசாவின் மதிப்பெண்ணுக்கு எதிரே, நோயுற்ற ரோசாவின் மதிப்பெண் வந்து நின்றது. ஓராண்டில் நினைவு சரிந்ததாகக் கோடு இறங்கியது.

தங்கையார் இதனை உடனே கண்டுகொண்டார். நம் வழக்கில் தந்தை பெயர் முன்னே நிற்கும். அதைக் கண்ட இந்நாட்டு அலுவலர் அதனையே அவர் பெயரென்று ஆவணங்களில் எழுதிவிட்டனர். “கொஸ்தூராவிலை அப்பாவைக் கூப்பிடுவினம், நான் எழும்பிப் போவன்,” என்று, வதிவிட அனுமதி வழங்கும் காவல் அலுவலகத்தைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார். அந்த அல்லல் பட்டவருக்கே அந்தப் பிழை கண்ணில் படும்.

ஆய்வுத் தலைவருக்கு எழுத்தில் அறிவித்தார். பெயர்களோடு மினக்கெட வேண்டாம், எண்களைப் பார் என்று ஒற்றை வரியில் மறுமொழி வந்தது. மீண்டும் எழுதினார், மறுமொழி இல்லை. பங்கேற்றோர்க்கு முடிவுக் கடிதங்கள் சென்றன.

நலமாயிருந்த ரோசா அம்மையார் தங்கையாரின் பேருந்துத் தோழி. மறதிநோய் என்ற கடிதத்தைக் கண்ட அவர் மகள், வீட்டுப் பூட்டின் திறப்பை அவரிடமிருந்து பறித்தார். அடுப்புக்கு அருகே போக விடவில்லை. பேரப்பிள்ளையைத் தூக்கவும் விடவில்லை. அன்றைய மாலை தங்கையார் என்னிடம் சொன்னது நினைவிருக்கின்றது.

“அண்ணை, ரோசா பஸ்ஸிலை அழுதவ. பிறகு கேக்கிறா, ‘நான் மறதிக்காரியாம். நீ போன மாசம் தாறன் எண்ட மீன்குழம்பு இன்னும் வரேல்லை. அதை நானோ மறந்தனான், நீயோ?’ எண்டு.”

“நீ என்ன சொன்னனீ, பிள்ளை?”

“நான்தான் எண்டன். வேறை என்னத்தைச் சொல்ல?”

ரோசா அம்மையாரின் மகளாரே பின்னர் ஐயுற்று முறையிட, மறு தேர்வில் ரோசா அம்மையாருக்கு நோயில்லை என்று உறுதியாயிற்று. உடனே ஆய்வுத் தலைவர் குழுவினர் அனைவரையும் கூட்டி, இத்தாலியம் சரிவரத் தெரியாத வெளிநாட்டுப் பெண் பதிவில் விட்ட பிழை இது என்றார். தங்கையாரைப் பணியிலிருந்து நீக்கினார். அறிக்கையிலும் அதே காரணத்தை எழுதிவைத்தார். பதிவு செய்வது அவர் பணியே அன்று.

அதே மாதத்தில் தங்கையாரின் ஈரலில் புற்றுநோய் கண்டனர். ஏழு மாதம் போராடினார். படுக்கையில் கிடந்து அவர் என்னிடம் கேட்டது ஒன்றே: “அண்ணை, பிழை நான் விட்டது எண்டு எழுதி வைச்சிருக்கினம். அதை அப்பிடியே விட்டிடாதேங்கோ.” விடேன் என்று சொல்லிக் கைபிடித்தேன். மறுநாள் காலை அவர் மூச்சு அடங்கியது.

அடக்கத்தன்று ஆய்வுத் தலைவர் மலர்வளையம் அனுப்பினார். அதன் பட்டியில், மறைந்தவரின் பெயராக எங்கள் தந்தையின் பெயர் பொறித்திருந்தது. கல்லறைத் தோட்ட வாயிலுக்கு வெளியே அதனை வைப்பித்தேன். என் துயரம் அன்றே சினமாயிற்று.

பங்குத்தந்தை பொறுத்துக்கொள்ளச் சொன்னார். நான் பொறுக்கவில்லை. தங்கையாரின் இரு கடிதங்களையும் அந்த ஒற்றை வரி மறுமொழியையும் இணைத்து, தங்கையாரின் மகளான என் மருமகளின் இத்தாலியத்தில் ஆய்வை மேற்பார்க்கும் குழுவுக்கு விண்ணப்பித்தேன். மறுமொழி தாமதித்தபோதெல்லாம் மீண்டும் எழுதினேன். பழைய ஆசிரியனுக்குத் திருத்தி எழுதுவிக்கும் பொறுமை உண்டு. முடிவில் திருத்தம் வெளியாயிற்று: பிழை குழுவினது, அதனை முதலிற் கண்டு அறிவித்தவர் இன்னார் என்று. அங்கும் பெயர் முன்பின்னாகவே இருந்தது. திருப்பி அனுப்பினேன். இரண்டாம் முறையே சரியாக வந்தது.

சென்ற மாதம் ஆய்வுத் தலைவர் இனிப்புப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். அவரை மேற்பார்வைக் குழுவே அனுப்பியதென்று பின்னர் அறிந்தேன். அமரச் சொல்லவில்லை. ரோசா அம்மையாரும் அன்று எங்கள் வீட்டில் இருந்தார்.

“மாமா, மன்னிப்புக் கேட்டுக் கைகுடுக்கிறார்,” என்றாள் மருமகள்.

“கை பிறகு. ஆரிட்டை மன்னிப்பு எண்டு கேள். பேரைச் சொல்லட்டும்.”

அவர் சொன்னார். எங்கள் தந்தையின் பெயர்.

“அவர் செத்து நாப்பது வரியம். அவருக்கு இவரோடை ஒரு கோவமும் இல்லை எண்டு சொல்லு.”

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். அவர் முகம் சிவந்தது. இரண்டாம் முறை எழுத்துகள் இடறின. மூன்றாம் முறை பாதியில் நின்றார். நான்காம் முறை என் தங்கையாரின் பெயரை முழுமையாக, முறையாகச் சொன்னார்.

ரோசா அம்மையார் தாம் அமர்ந்திருந்த கதிரையை முன்னே இழுத்தார். “அவவுக்குக் காது கேக்கேல்லையாம்,” என்று மருமகள் அவர் சொன்னதை எனக்குச் சொன்னாள். “இன்னொருக்காச் சொல்லட்டாம்.” அம்மையாரின் காதுக்கு ஒரு குறையும் இல்லை. ஆய்வுத் தலைவர் ஐந்தாம் முறையும் சொன்னார். நான் கைகொடுக்கவில்லை. இனிப்புப் பெட்டியை அவரோடே அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தை கேட்டார்: “மாஸ்ரர், இப்பவாவது மனம் ஆறிச்சுதோ?”

“இல்லை, பாதர். பிழை மாறிட்டுது. மனம் அப்பிடியேதான் கிடக்கு.”

தங்கையாரின் நோய்க்காலத்தில் மாறி மாறிச் சமைத்துத் தந்த பிரான்காச்சோத் தமிழ்க் குடும்பங்களுக்கும், மருத்துவமனையில் துணையிருந்த பேருந்துத் தோழியர்க்கும், கேளாமலே சாட்சிக் கடிதம் எழுதிய ரோசா அம்மையாரின் மகளார்க்கும், நான் சினந்தபோதும் என்னை விட்டு விலகாத பங்குத்தந்தைக்கும் எம் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி உரியது.

ஆய்வுத் தலைவருக்கும் இம்மலரின் ஒரு படி பதிவுத் தபாலில் செல்கின்றது. மொழிபெயர்ப்பு இணைக்கவில்லை. இதில் என்ன எழுதியிருக்கின்றது என்று அறிய அவர் பலெர்மோவில் ஒரு தமிழரைத் தேடிப் போகட்டும். அவர் எவரைத் தேடிப் போனாலும், அந்தத் தமிழர் இதனை முன்பே வாசித்திருப்பார்.